சென்னையில் இப்போது வீடு வாங்கலாமா?

சென்னையில் வீட்டு விலை ஏறுவதற்குக் கட்டடத்தைவிட மண்ணே காரணம் என்பதை, சில மாதங்களாக வேளச்சேரியிலும் மேடவாக்கத்திலும் அடுக்குமாடி வீடுகளைப் பார்த்துவரும் நான் மெல்ல உணர்ந்துகொண்டேன். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. பத்திரத்தில் எழுதப்படும் பிரிபடாத மனைப் பங்குதான், அதாவது அடுக்குமாடி நிற்கும் மொத்த நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பங்குதான், மதிப்பில் வளர்கிறது. ஆகவே சதுர அடி விலையைக் கேட்பதற்கு முன், நம் பங்குக்கு எவ்வளவு நிலம் வருகிறது என்று கேட்க வேண்டும்.

அடுத்தது வட்டி. 50 லட்சம் ரூபாயை 20 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால், 7 சதவீத வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ 38,800 ரூபாய். 9 சதவீதமானால் 45,000 ரூபாய். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியபோது, மாறும் வட்டியில் கடன் வாங்கியிருந்த பல குடும்பங்களுக்குத் தவணைக் காலமே நீண்டுபோனது.

வாடகையோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். 80 லட்சம் ரூபாய் வீட்டுக்கு மாதம் 20,000 ரூபாய் வாடகை என்றால் ஆண்டு வருவாய் 3 சதவீதமே. எனவே முதலீடாக மட்டும் வாங்குவதை நான் ஏற்கவில்லை. குடியிருக்க வாங்குவோருக்கு, பத்தாண்டுகளாவது அங்கே இருப்போம் என்ற உறுதியும் ஆறு மாதத் தவணைக்கான கையிருப்பும் இருந்தால், விலை குறையட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை மட்டும், விற்பவரிடம் அல்லாமல், அக்கம்பக்கத்தாரிடம் நேரில் கேட்டுவிடுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதிகளில் நான் முதலில் கேட்பது அதைத்தான்.