‘ஆல்’ என்று எழுதுவதற்கு முன்

பதினோராம் வகுப்பு வணிகக் கணிதமும் புள்ளியியலும் பாடத்தில் ஒட்டுறவு (இரண்டு அளவுகள் சேர்ந்து மாறுவது), தொடர்புப் போக்கு (ஒன்றை வைத்து மற்றதை மதிப்பிடுவது) ஆகியவற்றைப் பற்றிய பகுதி வரும்போது, என் மாணவர்களுக்குக் கணக்கில் பெரிய சிரமம் இருப்பதில்லை. அட்டவணை போட்டு, விலக்கங்களைக் கண்டு, வர்க்கங்களைக் கூட்டி, அந்த உறவின் வலுவை −1 முதல் 1 வரையான ஓர் எண்ணாகச் சொல்லும் கார்ல் பியர்சனின் ஒட்டுறவுக் கெழுவை இரண்டு தசம இடத்துக்குச் சரியாகக் கண்டுபிடித்து, ‘ஆகவே நேரிடை ஒட்டுறவு உள்ளது’ என்று அடிக்கோடிட்டு முடித்துவிடுவார்கள். சிரமம் அந்த அடிக்கோட்டுக்குக் கீழேதான் தொடங்குகிறது. எதற்கும் எதற்கும் உறவு, அது எப்படிப்பட்ட உறவு, எதுவரைக்கும் அதை நம்பலாம் என்று வீட்டில் இருக்கும் ஒருவருக்குப் புரியும்படி பத்து வரி எழுதச் சொன்னால், கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளைகூடப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஆகையால் சில ஆண்டுகளாகக் கடலூரில் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்து வருகிறேன். தங்கள் வீட்டைச் சுற்றி, எண்ணால் அளக்கக்கூடிய இரண்டு சங்கதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறைந்தது பதினைந்து அளவுகளைத் தாங்களே எடுக்க வேண்டும். ஒவ்வோர் அளவு இணையையும் ஒரு புள்ளியாக வைத்து, வரைபடத்தாளில் சிதறல் விளக்கப்படம் வரைய வேண்டும். பிறகு ஒரு பக்கம் எழுத வேண்டும். கெழுவைக் கண்டுபிடிப்பது கடைசி வேலை. அது இல்லாமல் கொடுத்தாலும் நான் ஏற்றுக்கொள்வேன், ஆனால் படமும் எழுத்தும் இல்லாமல் கெழுவை மட்டும் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

தனித்தனியே போகும் முன்பு எல்லோரும் சேர்ந்து வகுப்பிலேயே ஒன்றைச் செய்து பார்ப்போம். தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு மாணவன் வலை பின்னும் நைலான் நூலைக் கொண்டுவந்தான். அதில் ஓர் இரும்பு நட்டைக் கட்டி, சன்னல் கம்பியில் தொங்கவிட்டு, நூலின் நீளத்தை 25, 50, 75, 100 செ.மீ. என்று மாற்றி, பத்து முறை ஆடி முடிக்க ஆகும் நேரத்தைக் கைப்பேசியில் அளந்தோம். முறையே 10.0, 14.2, 17.4, 20.1 விநாடிகள் வந்தன. வணிகவியல் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஆய்வகம் என்பது அடுத்த கட்டடத்தில் பூட்டியிருக்கும் ஓர் அறை என்பதால், ஒரு நட்டு ஊசலாடுவதைப் பார்ப்பதில் அவர்கள் காட்டிய உற்சாகம் எனக்கே வியப்பாக இருந்தது.

கெழு 0.99 வந்தது. வகுப்பில் கைதட்டல். ஏறக்குறைய எல்லோரும் ‘நூலின் நீளம் கூடக் கூட நேரமும் கூடுகிறது, உறவு மிக வலுவானது’ என்று எழுதினார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் புள்ளிகளை ஒட்டிச் செல்லும் நேர்கோடான தொடர்புப் போக்குக் கோட்டையும் கண்டுபிடித்து, நீளத்துக்குப் பூச்சியத்தை இடச் சொன்னபோது, பத்து ஆட்டங்களுக்கு ஏறத்தாழ 7 விநாடி என்று விடை வந்தது. நூலே இல்லாத ஊசல் எதைக் கொண்டு ஆடும் என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். அதன் பிறகுதான் எல்லோரும் எண்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நீளம் 25-லிருந்து 50 ஆனபோது நேரம் இருமடங்கு ஆகவில்லை. 25-லிருந்து 100 ஆனபோதுதான், அதாவது நீளம் நான்கு மடங்கானபோதுதான், நேரம் இருமடங்கானது. புள்ளிகள் நேர்கோட்டில் போவதாகத் தோன்றினாலும் மெல்ல வளைந்து படுக்கின்றன. நேரம் நீளத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது என்பதை அறிவியல் பிரிவுப் பிள்ளைகள் சூத்திரமாக அறிவார்கள். எங்கள் பிள்ளைகள் அதைப் படத்தின் வளைவிலிருந்து பிடித்தார்கள்.

இந்த இடத்தில் நான் ஆன்ஸ்கோம் என்னும் புள்ளியியலாளர் 1973-இல் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுதிகளைக் கரும்பலகையில் வரைவது வழக்கம். ஒவ்வொன்றிலும் பதினொரு புள்ளிகள். நான்கிலும் ஒரு மாறியின் (மாறும் அளவின்) சராசரி 9, மற்றதன் சராசரி 7.5, கெழு 0.816, கோடும் ஒன்றே. வரைந்து பார்த்தால் முதலாவது ஒரு கோட்டைச் சுற்றிச் சிதறிய சாதாரணக் கூட்டம். இரண்டாவது அழகான வளைவு. மூன்றாவது அச்சுப் பிசகாத கோடு, ஒரே ஒரு புள்ளி மட்டும் விலகி நிற்கிறது. நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக நிற்க, தொலைவில் இருக்கும் ஒற்றைப் புள்ளிதான் கோட்டையே உண்டாக்குகிறது. நான்கு படங்களுக்கும் நான்கு விதமான வாக்கியங்கள் எழுதியாக வேண்டும். கெழுவை மட்டும் பார்ப்பவர் ஒரே வாக்கியத்தைத்தான் நான்கு முறை எழுதுவார்.

அடுத்து வருவது மொழியின் சிக்கல், எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான். நான் தமிழாசிரியர் இல்லை. ஆனால் இந்தப் பாடத்தில் எனக்குக் கைகொடுத்தது பள்ளியில் படித்த வேற்றுமை உருபுதான். மூன்றாம் வேற்றுமைக்கு ‘ஆல்’ என்றும் ஓர் உருபு உண்டு, ‘ஓடு’ என்றும் ஓர் உருபு உண்டு. ‘வாளால் வெட்டினான்’ என்பதில் கருவிப் பொருள்; ‘தாயோடு குழந்தை வந்தது’ என்பதில் உடனிகழ்ச்சிப் பொருள். காரணமும் உடனிகழ்ச்சியும் ஒரே வேற்றுமையின் கூரைக்குக் கீழ் குடியிருப்பதை நம் இலக்கணக்காரர்கள் கவனித்து வைத்திருக்கிறார்கள். அந்த நெருக்கத்தில்தான் பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். செய என்னும் வாய்பாட்டு எச்சமும் அப்படியே. ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்றால் காரணம். ‘ஞாயிறு பட வந்தான்’ என்றால் அவன் வந்ததற்கும் கதிரவன் மறைந்ததற்கும் வேறு தொடர்பில்லை, இரண்டும் ஒரே வேளையில் நடந்தன, அவ்வளவே.

ஒட்டுறவுக் கெழு ‘ஓடு’ போன்றது என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது. அண்ணனோடு தம்பி வந்தான் என்றாலும் தம்பியோடு அண்ணன் வந்தான் என்றாலும் வந்தவர்கள் அதே இருவர்தான். அதுபோல x, y இரண்டையும் இடம் மாற்றிப் போட்டாலும் கெழு மாறுவதில்லை. தொடர்புப் போக்குக் கோடு அப்படி இல்லை, எதை வைத்து எதை மதிப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டு கோடுகள் வருகின்றன. ஆனாலும் அதுகூட ‘ஆல்’ ஆகிவிடாது. எதனால் எது என்பதை எந்தச் சூத்திரமும் சொல்வதில்லை. அதை எழுதுகிறவர் வெளியிலிருந்து கொண்டுவந்து நிரூபிக்க வேண்டும். ஆகவே என் வகுப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு: முதல் வரைவில் ‘ஆல்’, ‘அதனால்’, ‘காரணமாக’, ‘விளைவாக’ என்ற சொற்களுக்கு இடமில்லை. ‘கூடக் கூட’, ‘குறையக் குறைய’ என்ற அடுக்குகளுக்கு அனுமதி உண்டு, ஏனெனில் அவை இரண்டும் சேர்ந்து நகர்வதை மட்டும் சொல்லிக் காரணத்தைத் திறந்தே விட்டுவிடுகின்றன. இரண்டாவது வரைவில் ‘ஆல்’ வரலாம், ஆனால் ஒவ்வோர் ‘ஆலு’க்கும் என்ன ஆதாரம் என்று ஓரத்தில் எழுத வேண்டும்.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து பேருந்தில் வரும் ஒரு மாணவன் பலாப்பழத்தின் எடையையும் அதில் உள்ள சுளைகளின் எண்ணிக்கையையும் எடுத்துக்கொண்டான். அவனுடைய அத்தை சாலையோரத்தில் பழம் அறுத்து விற்பவர் என்பதால் அளவெடுப்பதில் செலவில்லை, பொறுமைதான் வேண்டியிருந்தது. இரண்டு வாரத்தில் பதினெட்டுப் பழங்களை நிறுத்து, சுளை எண்ணி, படம் வரைந்து கொண்டுவந்தான். பதினேழு புள்ளிகள் ஒழுங்காக மேலேறின. ஒன்று மட்டும் வலப்புறம் கீழே கிடந்தது: இருந்ததிலேயே பெரிய பழம், சுளையோ சொற்பம். அதை அழித்துவிடலாமா சார் என்று கேட்டான். அழித்திருந்தால் கெழு நன்றாக உயர்ந்திருக்கும் என்பதை அவன் ஏற்கெனவே கணக்குப் போட்டும் பார்த்திருந்தான்.

அந்தப் பழத்தை அறுத்தபோது என்ன பார்த்தாய் என்று கேட்டேன். உள்ளே நார் மண்டிக் கிடந்தது என்றும், அத்தை அதைத் தட்டிப் பார்த்தபோதே இது தேறாது என்று சொன்னார் என்றும் சொன்னான். அதை எழுது, புள்ளியை வைத்துக்கொள் என்றேன். நிறுத்ததிலோ எண்ணியதிலோ பிழை இருந்தால் புள்ளியைத் திருத்தலாம், திருத்தியதைச் சொல்லியும் விடலாம். பழம் உண்மையாகவே அப்படித்தான் இருந்தது என்றால் அது உறவின் ஒரு பகுதி. அவன் எழுதிய பக்கத்தில் மிக நல்ல வரிகள் அந்த ஒற்றைப் பழத்தைப் பற்றியவையே. ‘எடையை வைத்துச் சுளையை மதிப்பிடலாம், ஆனால் என் அத்தை எடையை மட்டும் வைத்து மதிப்பிடுவதில்லை’ என்று எழுதியிருந்தான். எண்களோடு அத்தையின் கையும் ஒரு மாறி என்பதை அவன் கண்டுகொண்டது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அதே பகுதியிலிருந்து வரும் ஒரு மாணவி, முந்திரி மரத்தின் வயதுக்கும் அதன் விளைச்சலுக்கும் உள்ள உறவை ஆராய விரும்பினாள். நல்ல கேள்வி என்று நானும் ஊக்கப்படுத்தினேன். இருபது மரங்களின் விவரங்களைத் தாத்தாவிடம் கேட்டும், கணக்கு நோட்டைப் பார்த்தும் எடுத்து வந்தாள். படத்தில் உறவென்று எதுவும் தெரியவில்லை. புள்ளிகள் ஒரே இடத்தில் கொத்தாக மொய்த்துக் கிடந்தன. வயதுக்கும் விளைச்சலுக்கும் தொடர்பில்லை என்று எழுதப் போனவளை நிறுத்தி, கிடைமட்ட அச்சைப் பார்க்கச் சொன்னேன். ஏறக்குறைய எல்லா மரங்களும் ஒன்றிரண்டு ஆண்டு இடைவெளியில் நட்டவை. காரணம் எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. அவள் தோட்டத்தில் இருப்பவை பெரும்பாலும் அதற்குப் பின் வைத்த கன்றுகள்.

ஒரு மாறி மாறவே இல்லை என்றால் அதற்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவைக் காண முடியாது. பாடநூலில் கொடுக்கப்படும் எண்கள் எப்போதும் தாராளமாகப் பரந்திருப்பதால் இந்தச் சங்கடம் அங்கே தலைகாட்டுவதில்லை. ‘உறவு இல்லை’ என்பதும் ‘என் தரவில் உறவு தெரியவில்லை’ என்பதும் வெவ்வேறு வாக்கியங்கள் என்று அவளுக்கு விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அவள் இறுதியில் எழுதிய பக்கத்தின் முதல் பத்தி புயலைப் பற்றியது. புயலில் தப்பிய பழைய மரங்கள் அடுத்த ஊரில் நான்கைந்து இருப்பதாகத் தாத்தா சொன்னதையும், அவற்றையும் சேர்த்தால்தான் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் என்பதையும் குறித்திருந்தாள். கெழு கிட்டத்தட்டப் பூச்சியமாக இருந்த அந்தக் கட்டுரைக்குத்தான் அந்த ஆண்டு நான் அதிக மதிப்பெண் போட்டேன்.

வகுப்புக்குள்ளேயே கிடைக்கும் தரவுகளும் உண்டு. டியூஷனுக்குப் போகும் மணி நேரத்தையும் மதிப்பெண்ணையும் எடுத்துப் பார்த்த ஒரு குழு, எதிரிடை உறவு (ஒன்று கூட மற்றது குறைவது) வந்ததைப் பார்த்துவிட்டு, டியூஷனால் மதிப்பெண் குறைகிறது என்று மகிழ்ச்சியோடு எழுதியது. மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைத்தான் பெற்றோர் கூடுதல் நேரம் அனுப்புகிறார்கள் என்பதை எதிர்பெஞ்சிலிருந்த ஒருவன் சொன்னதும் அந்த ‘ஆல்’ விழுந்தது. முதல் மாதத் தேர்வில் முன்னணியில் வந்தவர்கள் அடுத்த தேர்வில் சராசரியை நோக்கிச் சற்று இறங்குவதைக் கண்ட இன்னொரு குழு, செல்போனையும் கர்வத்தையும் காரணமாகச் சொன்னது. பிரான்சிஸ் கால்டன் 1886-இல் 205 பெற்றோர் இணைகளின் 928 வளர்ந்த பிள்ளைகளுடைய உயரத்தை வைத்து இதையேதான் கண்டார்: மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக உயரமாகவே இருந்தாலும், பெற்றோர் அளவுக்கு இருப்பதில்லை. அவர் இட்ட ‘ரெக்ரஷன்’ (regression) என்ற ஆங்கிலப் பெயருக்கு ‘திரும்பி வருதல்’ என்று பொருள். நாம் ‘தொடர்புப் போக்கு’ என்று மொழிபெயர்த்ததில் அந்தத் திரும்பி வருதல் காணாமல் போய்விட்டது என்பது என் சிறு வருத்தம்.

இந்த ஆண்டு நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளில் ஒன்று, கடலிலிருந்து வீடு இருக்கும் தொலைவுக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புக்கும் உள்ள உறவு. தண்ணீர் கேன் போடும் கடையில் வேலை செய்யும் அண்ணனிடம், நீரில் கரைந்த திடப்பொருளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருப்பதால் ஒரு மாணவன் இதைத் தேர்ந்தெடுத்தான். குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த இரண்டு கோடுகளையும் படத்தில் முதலிலேயே வரைந்துவிட்டுத்தான் புள்ளிகளை வைத்தான். தொலைவு கூடக் கூட உப்பு குறைகிறது என்று பொதுவாகச் சொல்ல முடிந்தது. ஆனால் அருகருகே இருக்கும் இரண்டு வீடுகளில் ஒன்றில் நீர் வாயில் வைக்க முடியாமலும் மற்றொன்றில் குடிக்கும்படியும் இருந்தது.

ஆழத்தைக் கேட்டாயா என்றேன். கேட்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் கடல் ஒரே தொலைவுதான், ஆனால் ஒரு குழாய் எந்த மட்டத்திலிருந்து நீரை இழுக்கிறது என்பதும் உப்பை மாற்றும்; மூன்றாவதாக ஒரு மாறி ஒளிந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் நிலத்தடி நீரின் நிலையே மாறிவிடும், முன் எடுத்த அளவுகளோடு பின் எடுப்பவற்றை ஒப்பிட முடியாது என்பதால், அக்டோபருக்குள் முடிக்கும்படி அவனை விரட்டிக்கொண்டிருக்கிறேன். பதினைந்து வீடுகளுக்கும் மறுபடி போய்ப் பதினொன்றில் ஆழத்தைக் கேட்டு வந்துவிட்டான். மீதி நான்கு வீடுகளில் குழாய் போட்ட பெரியவர்கள் இப்போது இல்லை. இருப்பவர்களுக்கு ஆழம் தெரியவில்லை. உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டுவிடலாம் என்று பக்கத்துப் பெஞ்சுக்காரன் சொன்னானாம். நேற்று அவன் காட்டிய அட்டவணையில் அந்த நான்கு கட்டங்களும் காலியாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, யாரிடம் கேட்டேன், அவர் என்ன சொன்னார் என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான்.