எட்டடி வேலிக்குக் கீழே ஒரு சாண் வழி

டெக்சாஸின் ஹில் கன்ட்ரி என்ற குன்றுப் பகுதிப் பக்கம் வெளிமான் வளர்ப்பவர்கள் வேலிக்குக் கொட்டும் காசில் ஒரு கல்யாணத்தையே முடித்துவிடலாம். எட்டடி உயரக் கம்பி வலை, மூலைக்கு மூலை இரும்புக் குழாய்த் தூண். எல்லாம் மான் தாண்டிவிடுமோ என்ற பயம். மானோ அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. குனிந்து, கம்பிக்குக் கீழே நுழைந்து போய்விடுகிறது.

நம் கோடியக்கரையில் மேய்கிற அதே வெளிமான்தான். 1930-களில் டெக்சாஸ் போய்ச் சேர்ந்தது. இங்கே வீட்டில் கட்டி வளர்த்தால் கம்பி எண்ண வேண்டும். அங்கே அது ஆடு மாடு கணக்கு.

வேலி தோற்கிற இடம் பெரும்பாலும் காய்ந்த ஓடை. மாதக்கணக்கில் புழுதி பறக்கும். ஒரே ராத்திரி கொட்டினால் வெள்ளம் குப்பையையும் மரக்கிளையையும் வலையில் கொண்டுவந்து அப்பும். வலை அணையாகிவிடும். தண்ணீர் தள்ளத் தள்ள அடிக்கம்பி தூக்கிக்கொள்ளும். விடிந்தால் பாதி மந்தை ரோட்டோரம் நின்று, நம்மை வேடிக்கை பார்க்கும்.

ஓடையில் வேலியை நேராக இழுத்ததுதான் தப்பு. கரைக்குக் கரை தடித்த கம்பிவடம் கட்டி, அதில் தட்டிகளைத் தனித்தனியாகத் தொங்கவிட வேண்டும். வெள்ளம் வந்தால் ஆடித் திறக்கும், வடிந்தால் தானாகத் தொங்கும். தட்டியைப் பக்கத்து வேலியோடு இறுக்கிக் கட்டவே கூடாது. போனால் தட்டி மட்டும் போகட்டும். அடியில் நாலு விரலுக்கு மேல் சந்து வேண்டாம்.

சரி, வெளியே போனதை என்ன செய்வது? ஆர்வக்கோளாறில் நாலு சக்கர பைக்கை எடுத்துக்கொண்டு துரத்துபவர்கள்தான் அதிகம். மணிக்கு 80 கிலோமீட்டர் ஓடும் பிராணியோடு பந்தயமா? ஜெயித்தாலும் நஷ்டம்தான். பயந்து ஓடிய மானுக்கு உடம்பு கொதித்து, தசை சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். பிடிபட்ட அன்று நன்றாக நின்றது, நாலு நாள் கழித்தும் விழும்.

துரத்தாமல், வேலி மூலையில் ஒரு தட்டியைக் கழற்றி வையுங்கள். மான் வேலியை ஒட்டியே நடக்கும். மூலைக்கு வந்தே தீரும். உள்ளே பத்தடிக்கு ஒரு கைப்பிடி மக்காச்சோளம். கைப்பிடிதான், மூட்டை அல்ல. பழக்கமில்லாத வயிற்றுக்குச் சோளம் அதிகமானால் புளித்து, அமிலம் ஏறி, அதுவே ஆளை முடிக்கும். பிறகு தீவனம் போடும் நேரத்துக்கு வழக்கமான வண்டியில் வழக்கமான ஹாரன் அடித்துவிட்டு, தள்ளிப்போய் உட்கார வேண்டும். வேறு வண்டி வேண்டாம், உதவிக்குப் பக்கத்துப் பண்ணை நாயும் வேண்டாம்.

பெட்டைகள் முதலில் வரும். முறுக்குக் கொம்புக் கிடாதான் எல்லைச் சண்டைக்கு ஆள் தேடிக்கொண்டு வெளியே நிற்கும். அதற்காகத் தட்டியை இன்னொரு ராத்திரி திறந்து வைக்க வேண்டியிருக்கும்; உள்ளே வந்ததெல்லாம் மறுபடி வெளியே போகாமலிருக்க, அவற்றை அடுத்த கொல்லைக்கு மாற்றிவிட்டு.