நியூட்ரலில் இறங்காதே தம்பி

இன்று காலை இலங்கை மலையகத்து ரம்பொடை வளைவில் ஒரு தம்பி பைக் எஞ்சினை அணைத்துவிட்டு, கியர் போடாமல் நியூட்ரலில் இறங்கி வருகிறான், பின்னால் தங்கச்சி. நிறுத்திக் கேட்டால் பெற்றோல் மிச்சமாம்.

பின்சக்கரத்து பிரேக் டிரம்மில் கைவைக்க முடியவில்லை, அப்படிச் சூடு.

இறக்கத்தில் கியரைக் குறைத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கும் சூடேறிக் கைவிடாது. இதை யாருமே அவனுக்குச் சொல்லித்தரவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அமெரிக்காவில் 1973இல் தொடங்கிய மோட்டார்சைக்கிள் சேஃப்டி ஃபவுண்டேஷன் என்ற பைக் பயிற்சி அமைப்பில் பயிற்றுநர் சான்றிதழை ஒருமுறை வாங்கினால் போதாது. தொடர்ந்து வகுப்பெடுத்து, தானும் கற்று, புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மலையகத்தில் பைக் பழக்கும் மாஸ்டர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதுவும் மைதானத்தில் இல்லை, பனிமூட்டம் இறங்கிய ஈர ரோட்டில், இறக்கத்தில், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு.