அம்மாவின் உரப்பை

2024 நவம்பர் 3

நேற்று, புதிதாக நியமனம் பெற்ற முகாமைத்துவ உதவியாளர்கள் 40 பேருக்கு ஆவண முகாமைத்துவம் பற்றி வகுப்பு எடுத்தேன். இலங்கையின் 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தேசிய சுவடிகள் காப்பகப் பணிப்பாளரின் சம்மதம் இல்லாமல் அரச ஆவணம் எதையும் அழிக்கக் கூடாது என்று நான் சொன்னபோது, முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அறை நிறைந்தால் வருட முடிவில் பின்வளவில் போட்டுக் கொளுத்துவதுதான் தங்களுக்கு முன்னிருந்தவர்கள் காட்டிய வழி என்று ஒருவர் ஒளிக்காமல் சொன்னார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பெயரளவில் எல்லோரும் அறிந்திருந்தார்கள். ஆனால், சட்டம் வந்தபோது கையிலிருந்த ஆவணங்களைக் குறைந்தது 10 வருடங்களும், அதன்பின் உருவாகும் ஆவணங்களை உருவான நாளிலிருந்து குறைந்தது 12 வருடங்களும் வைத்திருக்க வேண்டும் என்ற கடமை அதே சட்டத்தில் இருப்பதை அங்கே அறிந்தவர் இருவர்தான்.

தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்னர், பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "மெடம், நீங்க ஏன் இந்தத் துறைக்கு வந்தீங்க? வேற ஒண்டும் கிடைக்கல்லையா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். நல்லாட்சி, வெளிப்படைத்தன்மை என்று சுற்றறிக்கை மொழியில் ஒரு பதிலைச் சொல்லி அவளை உட்கார வைத்தேன். மாலையில் மட்டக்களப்பு வாவியின் மேலுள்ள மண்முனைப் பாலத்தைக் கடக்கும்போது அந்தப் பதில் எனக்கே வெட்கமாக இருந்தது. அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதலாம் என்று தொடங்குகிறேன்.

2024 நவம்பர் 10

நான் பிறந்தது 1978இல், மட்டக்களப்பு மாவட்டத்தைச் சூறாவளி தாக்குவதற்குச் சில மாதங்கள் முன்னர், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் உட்புறத்தில் உள்ள ஒரு கிராமத்தில். அப்பா ஒரு போடியாரின், அதாவது பெரிய நிலக்காரரின், வயல்வட்டையில் முல்லைக்காரராக, வயலைப் பார்த்துக்கொள்ளும் வேலையாளாக இருந்தார். பெரும்போகத்தில் வாடியிலேயே கிடப்பார், சூடு மிதித்து முடிந்ததும் கூலி நெல்லோடு வீட்டுக்கு வருவார், அந்த நெல் தீரும் மாதத்தில் வீட்டில் பேச்சுக் குறைந்துவிடும். அம்மா பன்புல் பிடுங்கிப் பாய் இழைப்பார். என்னுடைய கொப்பிகள் எல்லாம் பாய் விற்ற காசில் வாங்கியவை.

வீட்டில் மருத்துவிச்சியின் கையில் பிறந்த பிள்ளை நான். பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். பதிவாளரிடம் போவதானால் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் சூறாவளி வந்தது, அதன்பின் கூரை இல்லாத வீட்டில் பிறப்புப் பதிவைப் பற்றி யார் நினைப்பார்? பாடசாலையில் கிராமத்துப் பெரியவர் ஒருவரின் கடிதத்தை வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் நான் சித்தியடைந்தது பாடசாலைக்கே ஒரு செய்தியாக இருந்தது.

16 வயதில்தான் பிடிபட்டேன். 1994இல் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அந்த யுத்தக் காலத்தில் அடையாள அட்டை இல்லாமல் படகுத்துறையைக் கடந்து, வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைக்குப் போவது என்றால் என்ன என்பதை இந்த மாவட்டத்தில் அந்த வயதைக் கடந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. பதிவேடுகளைத் தேடி, பதிவு காணப்படவில்லை என்று எழுத்தில் வாங்கி, அதன்பின் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். என் விண்ணப்பம் ஓர் அலுவலகத்தில் இரண்டு தடவை காணாமல் போனது. இரண்டு தடவையும் அங்கிருந்தவர் மேசையைக்கூடப் பார்க்காமல், "இங்க வரல்ல" என்றார். மூன்றாவது தடவை அம்மா என்னோடு வந்தார். மடியிலிருந்து ஒரு சிறிய கடதாசித் துண்டை எடுத்து மேசையில் வைத்தார். முதல் விண்ணப்பத்தைக் கொடுத்த அன்று, பெயர் எழுதத் தெரியாத அம்மா, அங்கிருந்த ஒருவரைக் கெஞ்சித் திகதியோடு எழுதுவித்து வாங்கிய பற்றுத்துண்டு அது. அதைப் பார்த்த பிறகுதான் அந்த மனிதர் எழுந்து அலுமாரியைத் திறந்தார். விண்ணப்பம் இரண்டும் ஒரே கோவைக்குள், வேறொருவரின் காணி விடயத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

அந்தச் சான்றிதழில் உள்ள பிறந்த திகதி ஓர் உத்தேசம். என் பட்டங்கள், நியமனக் கடிதம், ஓய்வூதியக் கணிப்பு எல்லாம் அந்த உத்தேசத்தின் மேல்தான் நிற்கின்றன.

2024 நவம்பர் 16

அம்மாவின் கடதாசிகள் ஓர் உரப்பைக்குள் இருந்தன. யூரியா மூடையின் உள்ளே வரும் தடித்த பொலித்தீன் உறையை நன்றாகக் கழுவிக் காயவைத்து, கடதாசிகளை உள்ளே வைத்து, வாயை மூன்று தடவை மடித்து, பழைய சீலையின் கரையைக் கிழித்துக் கட்டி, கூரை வளையில் தொங்கவிட்டிருப்பார். எலிக்கும் எட்டாது, வெள்ளத்துக்கும் எட்டாது, இராமபாணப் பூச்சியும் போகாது. பிற்காலத்தில் நான் படித்த சேமிப்பு விதிகளில் பாதி அந்த முடிச்சுக்குள் இருந்தது.

பையின் அடியில் கலியாணப் பதிவு, அதன் மேல் சூறாவளி நிவாரணத் துண்டு, அதன் மேல் உணவு முத்திரைகளின் அடிக்கட்டைகள், அதற்கும் மேல் தம்பியின் வைத்தியசாலை அட்டை. அந்த அட்டைக்குள் இரண்டாக மடித்து, அரச காணி பகிர்ந்து கொடுக்கும் காணிக் கச்சேரியில் அப்பாவுக்குக் கிடைத்த இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியின் அனுமதிப்பத்திரம். தம்பி காய்ச்சலில் கிடந்த கிழமையில்தான் அது கைக்குக் கிடைத்தது, அதனால் அங்கேயே வைத்தார். "எழுத்துத் தெரியாட்டியும் எது எந்தக் கிழமை வந்ததெண்டு தெரியும்தானே மகள்" என்பார்.

2002இல் நான் வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். மஹாபொல புலமைப்பரிசில் பணத்தில் மிச்சம் பிடித்து, விடுமுறைக்கு வரும்போது கடினமட்டைப் பெட்டிகள் இரண்டு வாங்கிவந்தேன். ஒரு நாள் முழுக்கத் திண்ணையில் இருந்து பையைக் கொட்டி, சான்றிதழ்கள், காணி, வைத்தியம், நிவாரணம் என்று வகைபிரித்து, அழகான எழுத்தில் சிட்டை ஒட்டி, இரண்டு பெட்டிகளிலும் அடுக்கினேன். அம்மா பாய் இழைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகளிடம் எப்படிச் சொல்வார்?

2007 மார்ச்சில் படுவான்கரையே இடம்பெயர்ந்தது. நான் கொழும்பில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் ஷெல் சத்தத்துக்குள் கிளம்பியபோது இரண்டு பெட்டிகளையும் தூக்க முடியவில்லை. ஒன்றைத்தான் எடுக்கலாம் என்று வந்தபோது, சிட்டையை வாசிக்கத் தெரியாத அம்மா, பாரமான பெட்டியில்தான் முக்கியமானது இருக்கும் என்று நினைத்து அதை எடுத்தார். பாரமான பெட்டியில் இருந்தவை பெரும்பாலும் உணவு முத்திரைகளின் அடிக்கட்டைகள். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையும் இல்லை, மற்றப் பெட்டியும் இல்லை. பை பையாகவே இருந்திருந்தால் அம்மா அதை ஒரு கையில் தூக்கியிருப்பார்.

அப்பா 2011இல் காலமானார். அனுமதிப்பத்திரத்தைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை. அம்மாவும் கேட்டதில்லை.

2024 நவம்பர் 17

நேற்று எழுதியதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்.

2009இல் புதுடில்லியில் உள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பயிற்சிப் பள்ளிக்கு ஒரு வருடக் கற்கைக்குப் போனேன். 1891இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டு, பின்னர் டில்லிக்கு வந்த நிறுவனம் அது. முதல் மாதத்திலேயே மூல ஒழுங்கு என்ற பாடம் வந்தது. ஓர் அலுவலகத்தின் ஆவணங்களை இன்னோர் அலுவலகத்தின் ஆவணங்களோடு கலக்கக் கூடாது என்பதை 1841இல் பிரான்சின் சுற்றறிக்கை ஒன்று விதியாக்கியது. அந்த ஆவணங்கள் உண்டான இடத்தில் எந்த ஒழுங்கில் இருந்தனவோ அந்த ஒழுங்கையும் குலைக்கக் கூடாது என்பதை 1881இல் பிரஷ்ய அரச காப்பகம் விதியாக்கியது. ஒரு கடதாசியில் எழுதியிருப்பது பாதிச் செய்தி, அது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பது மீதிப் பாதி என்று ஆசிரியர் விளக்கினார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். எனக்குத் தம்பியின் வைத்தியசாலை அட்டைதான் கண்ணுக்குள் நின்றது. அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை.

அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு நேரான பதில் இதுவாக இருக்கலாம். சுனாமிக்குப் பிறகு, மட்டக்களப்புக் கடலோரத்து நாவலடிப் பக்கத்துச் சனங்கள் உப்புத்தண்ணீரில் ஊறிய காணி உறுதிகளை வேலியில் காயப்போட்டிருந்ததைப் பார்த்துத்தான் இத்துறைக்கு வந்தேன் என்று நேர்முகத் தேர்வுகளில் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய்யில்லை.

2024 நவம்பர் 23

சூறாவளி அடித்து இன்றோடு 46 வருடங்கள். அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். வானம் கறுத்துக் கிடக்கிறது, கோழிகளைப் பிடித்து அடைத்துவிட்டேன் என்றார்.

2024 நவம்பர் 28

மூன்று நாட்களாக விடாத மழை. தாழ்ந்த வீதிகளின் மேலால் வெள்ளம் பாய்கிறது. அம்மா அயல்வீட்டாரோடு பாடசாலைக் கட்டடத்துக்குப் போய்விட்டார் என்று தம்பி சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது.

மாலையில் ஓர் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள். பெயர் வேண்டாம். பழைய பேரேடுகளைத் தரையில் அடுக்கி வைத்திருந்த அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதாம். தரையில் வைக்க வேண்டாம், நிலத்திலிருந்து ஆறு அங்குலமாவது உயர்த்துங்கள் என்று சென்ற வருடம் எழுதிக் கொடுத்த அறிக்கையும் அதே அறையில்தான் இருந்திருக்கும். "வெயில் வந்ததும் முற்றத்தில விரிச்சுப் போட்டா சரிதானே மெடம்?" என்று கேட்டார்கள். ஒன்றையும் விரிக்க வேண்டாம், நான் வரும்வரை தொடவே வேண்டாம் என்று கத்திவிட்டேன்.

2024 நவம்பர் 30

31 பேரேடுகள். 48 மணித்தியாலங்களுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காயவைக்க முடியாதபோது செய்யக்கூடியது உறையவைப்பதுதான். மட்டக்களப்பில் அதற்கு எங்கே போவது? மீன் வியாபாரி ஒருவரின் குளிரறையைக் கேட்டோம். அவர் ஒரு பக்கத்தை ஒதுக்கித் தந்தார், காசு வேண்டாம் என்றார், "எங்கட காணியும் உதுக்குள்ள கிடக்கும்" என்றார். மிக மோசமாக நனைந்த 19 பேரேடுகளை ஒவ்வொன்றாகப் பொலித்தீனில் சுற்றி, சூரை மீன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறோம். எதிர்கால ஆய்வாளர்கள் மீன் வாடையைப் பொறுத்தருள வேண்டும்.

மீதி 12ஐ மண்டபத்தில் நிமிர்த்தி வைத்து, இடையிடையே அச்சடிக்காத பத்திரிகைத் தாளைச் செருகி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை தாளை மாற்றினோம். மின்விசிறிகளைச் சுவரை நோக்கித் திருப்பி வைக்க வேண்டும், நேராகக் காற்றடித்தால் தாள் சுருண்டுவிடும். வெயிலும் கூடாது. ஒட்டிக்கொண்ட தாள்களை நகத்தால் பிரிக்க முயன்ற ஓர் இளைஞரின் கையைத் தட்டிவிட்டேன், பிறகு மன்னிப்புக் கேட்டேன். ஊற்றுப்பேனா நீல மையால் எழுதியவை பல இடங்களில் கரைந்து, பக்கமே வானம்போல ஆகியிருந்தது. பழைய இரும்பு மை அசையவில்லை. குமிழ்முனைப் பேனாவும் தாக்குப்பிடித்திருக்கிறது. அன்று பின்வரிசையில் இருந்து கேள்வி கேட்ட பிள்ளையும் வந்திருந்தாள், இரவு எட்டு மணி வரை தாள் மாற்றினாள்.

காணிப் பேரேடு ஒன்று கைக்கு வந்தபோது, வேலையை விட்டுவிட்டு, அப்பாவின் காணி கிடைத்த 80களின் நடுப்பகுதியைத் தேடினேன். அது வேறு பிரிவின் பேரேடு. யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

2024 டிசம்பர் 15

இரண்டு கிழமைக்குப் பிறகு ஊருக்குப் போனேன். வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. இடம்பெயர்வுக்குப் பிறகு அம்மா மீண்டும் ஓர் உரப்பையைச் சேர்த்து வைத்திருக்கிறார். அது வளையில் அப்படியே தொங்கியது, உள்ளே ஒரு துளி ஈரமில்லை.

ஒழுங்கைக் குலைக்காமல் ஒரு பட்டியல் மட்டும் எடுக்கிறேன் என்று கேட்டேன். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, தானே எடுத்துத் தருவதாகச் சொன்னார். ஒவ்வொன்றாக நீட்டினார். நான் பின்பக்கத்து மூலையில் பென்சிலால் இலக்கம் இட்டு, எந்தக் கிழமை, யாருக்கு என்ன நடந்தது என்று அவர் சொன்னபடி கொப்பியில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். 143 துண்டுகள். தம்பியின் பழைய வைத்தியசாலை அட்டை பாரமான பெட்டியோடு தப்பி வந்து, நடுவில் தன் இடத்தில் இருந்தது.

அனுமதிப்பத்திரத்தின் பேரேட்டுப் பதிவின் பிரதி கேட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்திருக்கிறேன் என்றும், 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும் என்றும் அம்மாவிடம் சொன்னேன். 17 வருடங்களாக இதை நான் ஏன் செய்யவில்லை என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுத்துண்டைக் கொடுத்தேன். புதியதுதானே, மேலே வைப்பார் என்று நினைத்து 144 என்று எழுதத் தயாரானேன். அம்மா அதை இரண்டாக மடித்து, பையின் நடுவில் விரலை விட்டு விலக்கி, தம்பியின் அட்டைக்குள் செருகினார். பிறகு சீலைக் கரையை எடுத்து மூன்று தடவை சுற்றிக் கட்டினார்.