ஒன்றேகால் கிலோ தட்டு

ஜிம்மில் எல்லோர் கண்ணும் 20 கிலோ எடைத் தட்டுகள் மீதுதான். எனக்கோ அடுக்கின் ஓரத்தில் கிடக்கும் 1.25 கிலோ தட்டின் மீதுதான் மரியாதை.

ஸ்குவாட், அதாவது எடை மாட்டிய இரும்புக் கம்பியை (பார்) தோளில் சுமந்து உட்கார்ந்து எழும் பயிற்சி, தொடங்கிய புதிதில் வாரத்துக்கு வாரம் எடை ஏறியது. தசை வளர்ந்துவிட்டதாக உள்ளூர ஒரு பெருமை. உண்மையில் ஆரம்ப வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்துடையது. இருக்கிற தசை நார்களை ஒருசேர இயக்க அது பழகிக்கொள்கிறது. தசை பருப்பது அதன் பிறகு, மெதுவாக. இந்த உண்மை எனக்கு உறைத்தது எடை ஏறாமல் நின்றபோதுதான். ஐந்து கிலோ கூட்டினால் முதுகு வளைந்தது.

பயிற்சியாளர் பாரின் இருபுறமும் அந்தச் சின்னத் தட்டைச் செருகினார். "இது போதும். எட்டு முறை சுத்தமாக வரட்டும், பிறகு அடுத்ததைப் பார்க்கலாம்" என்றார். மானம் போனதுபோல் இருந்தது. ஆனால் 1940களில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டெலோர்ம் காயம்பட்ட வீரர்களின் கால்களைத் தேற்றியதும் இப்படித்தான்: தாங்குகிற எடையில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவது.

வயிறு நிறைய மூச்சை இழுத்து இறுக்கிக் கீழே இறங்குவது சுலபம். எழும்போது பாதிவழியில் ஓரிடத்தில் பார் அசைய மறுக்கும். பதறி இடுப்பை மட்டும் தூக்கினால் நெஞ்சு கவிழும். பாதத்தை ஊன்றி அழுத்திக்கொண்டே இருந்தால், நகர்வதே தெரியாமல் நகர்ந்து அந்த இடத்தைத் தாண்டிவிடும். இதை உடம்பு கற்றுக்கொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது.

ஜிம் குணத்தையே மாற்றிவிடும் என்பார்கள். என் முன்கோபம் அப்படியேதான் இருக்கிறது. மாறியது ஒன்றுதான்: சிறிய அளவைக் கண்டு இப்போது கூசுவதில்லை. வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட வேற்றுமொழிப் பாடத்தை நாளுக்கு ஒரு பக்கம் வீதம் படிக்கிறேன். முன்பென்றால் ஒரே வாரத்தில் பாதிப் புத்தகத்தை விழுங்கிவிட்டு மூலையில் போட்டிருப்பேன். செட்டுகளுக்கு, அதாவது பயிற்சிச் சுற்றுகளுக்கு, நடுவே இரண்டு மூன்று நிமிடம் கைபேசியைத் தொடாமல் சும்மா உட்காரவும் வருகிறது. (இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம்.)

இப்போது பெஞ்சில் படுத்துப் பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸில் எடை ஏறாமல் நின்றிருக்கிறது. இந்த வாரம் எடையைப் பத்து சதவீதம் குறைத்து, பாரை நெஞ்சில் ஒரு நொடி நிறுத்தித் தள்ளிப் பார்க்கிறேன். மணிக்கட்டு பின்னால் மடியாமல் இருக்கிறது. இடது தோள்தான் இன்னும் கொஞ்சம் பின்தங்குகிறது.