மடோனாவுக்குப் பாட வருமா?

மார்ச் 3

அண்ணனோடு மறுபடியும் அதே சண்டை. அமெரிக்கப் பாப் பாடகி மடோனா நாற்பது வருஷத்துக்கு மேல் நிற்கிறாரே, அது சும்மாவா என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். "அந்தம்மாவுக்குக் குரல் எங்கே இருக்கு, சொல்லு. உடுப்பு, ஆட்டம், வம்பு. இந்த மூணையும் கழிச்சுட்டா மிச்சம் என்ன?" என்று பிடித்துக்கொண்டார். இருபது வருஷம் கிட்டார் வாசித்த மனிதர். சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அமெரிக்காவில் வாராவாரம் வரும் பில்போர்ட் ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் 12 பாட்டு முதலிடம், 38 பாட்டு முதல் பத்துக்குள் என்று கணக்கை எடுத்துவிட்டேன். "சோப்பும்தான் நிறைய விற்குது" என்றார்.

அவர் சொல்வதும் சரிதான், விற்பனை இதற்குப் பதிலாகாது. கழித்தே பார்த்துவிடலாம். இந்த மாதம் முழுக்க ஒரு வீடியோவும் பார்க்கப் போவதில்லை. ஹெட்போனும் காதும் மட்டும். கேட்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 4

1983இல் வந்த முதல் ஆல்பம். அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. மெல்லிய குரல், கொஞ்சம் மூக்கில் தங்குகிறது. மேல் ஸ்தாயிக்குப் போனால் சின்னப் பெண் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. அதில் பேர் வாங்கிய 'ஹாலிடே' பாட்டு அவர் எழுதியதும் இல்லை.

அப்புறம் 1985இன் 'இன்டு தி குரூவ்' போட்டேன். இது அவரும் ஸ்டீபன் ப்ரேயும் சேர்ந்து எழுதியது. இதில் வேறொன்று காதில் பட்டது. தாளத்தின் மேல் ஒவ்வொரு அசையையும் எங்கே வைக்க வேண்டும் என்பதில் இவருக்குத் தடுமாற்றமே இல்லை. எங்கும் இழுக்கவில்லை, எங்கும் முந்தவில்லை. போதாததற்குத் தன் குரலுக்கு மேலேயே தன் குரலை இன்னொரு அடுக்காகப் போட்டிருக்கிறார். இரண்டும் மயிரிழை பிசகாமல் உட்காருகின்றன. 1978இல் நடனம் கற்க நியூயார்க்குக்குப் போனவர், புகழுக்கு முன்னால் ஒரு ராக் குழுவில் டிரம்ஸும் வாசித்தவர். பாடும்போதும் கையில் குச்சி இருக்கிற நினைப்பு போல.

குரல் சின்னது என்று ஒப்புக்கொள்கிறேன். லயம் சின்னது என்று யாராவது சொல்லட்டும், பார்க்கலாம்.

மார்ச் 6

'லைக் எ வெர்ஜின்', 1984. தயாரிப்பாளர் நைல் ராட்ஜர்ஸ். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் அவருடைய 'ஷீக்' டிஸ்கோ குழுக்காரர்கள், பெர்னார்ட் எட்வர்ட்ஸும் டோனி தாம்ப்ஸனும். அந்த மூன்று பேர் பின்னால் நின்றால் யார் பாடினாலும் பாட்டு நகரும் என்று அண்ணன் சொல்வார். அந்தப் பேஸைக் கேட்டால் மறுக்கவும் முடியாது.

பாட்டை எழுதியது பில்லி ஸ்டைன்பெர்க்கும் டாம் கெல்லியும். ராட்ஜர்ஸுக்கு முதலில் இது பிடிக்கவில்லையாம். பிறகு நாலு நாளாகியும் மண்டையை விட்டுப் போகாததால், மடோனாவின் காதுதான் சரி என்று ஒப்புக்கொண்டாராம். அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஊரையே ஆடவைத்த ஆளுக்குக் கேட்காதது, அப்போது ஒரே ஒரு ஆல்பம் போட்டிருந்த பெண்ணுக்குக் கேட்டிருக்கிறது. இதையும் திறமைக் கணக்கில்தானே சேர்க்க வேண்டும்?

அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன். "பொறுக்கி எடுக்கிறது கடைக்காரன் வேலை" என்று பதில் வந்தது. பழைய அமெரிக்கப் பாடகர் ஃப்ராங்க் சினாட்ரா பாடியதும் பெரும்பாலும் அடுத்தவர் எழுதிய பாட்டுதான், அவரும் கடைக்காரரா என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

மார்ச் 7

வேலை அதிகம். கேட்கவில்லை.

மார்ச் 9

இன்றைக்கு ஒரே பாட்டு. 'லிவ் டு டெல்', 1986. பத்துத் தடவைக்கு மேல் கேட்டிருப்பேன்.

பேட்ரிக் லியோனார்டு ஒரு படத்துக்காகப் போட்ட வாத்திய இசை. அந்தப் படக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட, மடோனா அதை எடுத்து வரிகள் எழுதியிருக்கிறார். மெட்டிலும் அவருக்குப் பங்கு உண்டு. எழுதியவர்கள் என்று இரண்டு பேர் பெயரும் இருக்கிறது.

சிந்தசைசர் மெதுவாகப் பரவுகிறது. குரல் வரும்போது தாழ்ந்த ஸ்தாயியில் வருகிறது. முதல் ஆல்பத்தின் அந்தச் சின்னப் பெண் இதில் இல்லை. அழுத்தம், குழைவு எதுவும் கிடையாது, யாரிடமோ தயங்கித் தயங்கிச் சொல்கிற மாதிரி இருக்கிறது. மாதிரிப் பதிவுக்காக ஒரே தடவை பாடியதையே கடைசிவரை வைத்துக்கொண்டோம் என்று லியோனார்டு சொல்லியிருக்கிறார். கேட்டால் நம்பத் தோன்றுகிறது. திரும்பப் பாடியிருந்தால் அந்தத் தயக்கம் போயிருக்கும்.

பாட்டின் நடுவில் எல்லாம் நின்றுவிடுகிறது. டிரம்ஸ் இல்லை, மெட்டு இல்லை, அடியில் ஒரு எஃப் சுரம் மட்டும் கார்வையாக நிற்கிறது. முதல் தடவை கேட்டபோது ஹெட்போன் வயர்தான் கழன்றுவிட்டது என்று தொட்டுப் பார்த்தேன். ஆட்டம் போடவைத்துப் பேர் வாங்கிய ஆள், ரேடியோவில் ஓடவேண்டிய பாட்டில் இப்படி ஒரு பள்ளத்தை விட்டுவைக்கிறார். அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கும் வந்திருக்கிறது.

ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு நானே பாடிப் பதிவு செய்து பார்த்தேன். சுருதி சேர்ந்தது. ஆனால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு அசைவு போட்டுவிடுகிறேன், என்னை அறியாமலே. நேராக நிறுத்த முடியவில்லை. அழித்துவிட்டேன்.

மார்ச் 12

அண்ணன் இன்று சரியான இடத்தில் அடித்தார். "சிண்டி லாப்பர்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

சொல்லவும் தேவையில்லை. இரண்டு பேரின் முதல் தனி ஆல்பமும் 1983இல்தான் வந்தது. குரல் என்று பார்த்தால் ஒப்பிடவே கூடாது. லாப்பர் கிசுகிசுப்பிலிருந்து அலறல்வரை ஒரே மூச்சில் போவார். அந்தக் காலத்தில் பந்தயம் கட்டியவர்கள் நிறையப் பேர் லாப்பர் பக்கம்தான் கட்டினார்கள். புகழ் திறமைக்கேற்ற கூலி என்றால் கணக்கு இங்கேயே உதைக்கிறது. பாடகியாக லாப்பருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. 2013இல் மேடை நாடகத்துக்கு இசையமைத்து டோனி விருதே வாங்கினார். புகழ் மட்டும் அந்த அளவில் இல்லை.

ஆகவே என் வாதத்தில் ஒரு ஓட்டை. நீடித்த புகழ் திறமைக்குச் சாட்சி சொல்லாது. பாட்டு வீடியோக்களையே ஓட்டிய எம்டிவி சேனல் 1981இல் தொடங்கியது, அடுத்த வருஷமே மடோனாவின் முதல் பாட்டு வந்தது. அந்த நேரப் பொருத்தம் உண்டு, அசராத உழைப்பு உண்டு, யாரை எப்போது வம்புக்கு இழுக்கலாம் என்ற கணக்கும் உண்டு. புகழை இவைதான் சுமந்தன என்று அண்ணனிடம் ஒப்புக்கொண்டுவிட்டேன். அதனால் உள்ளே இசை இல்லை என்று ஆகிவிடுமா என்பதுதான் என் கேள்வி. "அதை நீயே கேட்டுச் சொல்லு" என்று வைத்துவிட்டார். பாதி ஜெயித்த குரல் அது.

மார்ச் 15

1984இன் 'லைக் எ வெர்ஜின்' ஒரு தடவை, 1998இன் 'ரே ஆஃப் லைட்' ஆல்பம் ஒரு தடவை, மாற்றி மாற்றிக் கேட்டேன். நடுவில் அவர் நடித்துப் பாடிய 'எவிட்டா' படம் (1996). அந்தப் படத்துக்காகக் குரல் பயிற்சியாளர் ஜோன் லேடரிடம் போய்ச் சேர்ந்தார். உலகமே அறிந்த பாடகி, வயது முப்பத்தைந்தைத் தாண்டியாச்சு, முதலிலிருந்து மூச்சு விடக் கற்கப் போகிறார்! வயிற்றிலிருந்து குரல் எழும்புவது அதற்கப்புறம் வந்த பாட்டுகளில் தெளிவாகக் கேட்கிறது.

'ரே ஆஃப் லைட்'டில் தயாரிப்பாளர் வில்லியம் ஆர்பிட் வேண்டுமென்றே அவருக்கு வசதியான சுருதிக்கு அரைச் சுரம் மேலே வைத்துப் பாடவிட்டாராம். உச்சத்தில் குரல் கிழியப் போகிறது என்று நாம் பயப்படும் இடத்தில் கிழியாமல் நிற்கிறது. குறையை மறைக்காமல் அதையே பாட்டுக்கு முறுக்காக்கிவிட்டார்கள்.

அந்த ஆல்பம் 1999இல் நான்கு கிராமி வாங்கியது. அதற்கு முன் அவர் வாங்கிய கிராமி ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு இசைநிகழ்ச்சி வீடியோவுக்கு. இதை அண்ணனிடம் சொல்லமாட்டேன்.

(அதே ஆல்பத்தில் சமஸ்கிருதப் பாட்டு ஒன்று உண்டு. உச்சரிப்பு பற்றி எதுவும் எழுதாமல் விடுவது எல்லோருக்கும் நல்லது.)

மார்ச் 19

மேடை. 2004இல் ஒரு விருது விழாவில் பாடகர் எல்டன் ஜான் எல்லார் முன்னாலும், வாயசைப்பதெல்லாம் எப்போதிலிருந்து நேரடிப் பாட்டானது என்று கேட்டுவிட்டார். மடோனா தரப்பு மறுத்தது. சமீபத்திய 'செலிப்ரேஷன்' சுற்றுப்பயணத்தில் மேடையில் வாத்தியக் குழுவே இல்லை. ரியோவின் கோபகபானா கடற்கரையில் 2024 மே மாதம் அதன் கடைசி நிகழ்ச்சிக்கு 16 லட்சம் பேர் கூடியதாக மதிப்பிட்டார்கள். கூட்டத்தை வைத்துக் குரலை எடைபோட முடியாது, விட்டுவிடுகிறேன்.

ஒரு பரிசோதனை மட்டும் செய்தேன். நின்ற இடத்தில் ஓடிக்கொண்டே பாடினேன். எட்டு வரியில் மூச்சு வாங்கியது. பக்கத்து அறையிலிருந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

மார்ச் 22

அண்ணன் வந்திருந்தார். மடோனா பேச்சை நான் எடுக்கவில்லை. கீபோர்டில் 'லிவ் டு டெல்' மெட்டை மட்டும், வார்த்தையில்லாமல், கொஞ்சம் நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தேன். பாவி மனுஷனுக்கு அந்தப் பாட்டே தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது. மூலையில் கிடந்த கிட்டாரை எடுத்து, முறுக்காணியைத் திருகி, டி மைனரில் தொடங்கி ஒவ்வொரு கார்டாகத் துழாவிக் கண்டுபிடித்துக் கூட வந்தார்.

"நல்லாயிருக்கே. யாரோடது?"

சொன்னேன். கை நிற்கவில்லை. "மெட்டு அந்த லியோனார்டு போட்டிருப்பார்" என்றார். இரண்டு பேர் பெயரும் இருக்கிறது என்றேன். "யாருக்கு எவ்வளவு பங்கு?" அதை யார் அளப்பது.

நடுப்பகுதி வந்தது. எஃப்பை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டேன்.

"ஏன் நிறுத்திட்டே?"

"பாட்டே அப்படித்தான்."

அவர் அடித்தந்தியில் அந்தச் சுரத்தைத் தேடிப் பிடித்து ஒரு தட்டு தட்டினார். அது அடங்கும்வரை இரண்டு பேரும் வாசிக்கவில்லை. அப்புறம், "ஒரிஜினலைப் போடு, கேட்போம்" என்று என் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார்.