பூச்சியம் பில்

2020 மார்ச் கடைசியில் கொரோனாவால் கடையைப் பூட்டியபோது கம்பியில் பதினாலு பிளவுஸ் தொங்கின, எல்லாவற்றிலும் பெயர்ச்சீட்டு குத்தியிருந்தது, ஒன்றுக்கும் கல்யாணம் இல்லை. லண்டனில் ஒரு சாறிக்கடையின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்து நான் தையல் தொடங்கி அப்போது ஒன்பது மாதம்கூட ஆகவில்லை.

அப்போது ரிஷி சுனக் நிதியமைச்சர். சின்னக் கடைகளுக்குப் பத்தாயிரம் பவுண்ஸ், கடன் இல்லை, திருப்பித் தரவே வேண்டாம் என்றதும் எனக்கு அழுகையே வந்தது. அப்புறம்தான் விதியை வாசித்தேன். பிசினஸ் ரேட்ஸ், அதாவது கடைக்கட்டடத்துக்கு உள்ளூராட்சிக் கவுன்சில் வாங்கும் வரி, அதில் சிறு வியாபாரச் சலுகை உள்ளவர்களுக்குத்தான் அந்தப் பணம். பக்கத்தில் போன் திருத்தும் அண்ணையின் கடைக்கு ரேட்ஸுக்காகப் போட்ட மதிப்பு 12,000 பவுண்ஸுக்குக் கீழே, ஆகவே அவர் ரேட்ஸாக ஒரு பென்ஸும் கட்டியதில்லை, ஆனால் வருசா வருசம் பூச்சியம் என்று போட்டு அவர் பெயருக்கு ஒரு பில் வரும். அந்தப் பூச்சியத்துக்குப் பத்தாயிரம். நானோ வாடகையோடு சேர்த்து ரேட்ஸும் மாதாமாதம் கட்டுகிறேன், பில் கடைச் சொந்தக்காரர் பெயரில், எனக்கு ஒன்றும் இல்லை. (அண்ணை மேல் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.)

சரி, சுயதொழில்காரருக்கான உதவியையாவது பார்ப்போம் என்றால், அதற்கு 2018-19 வரிக்கணக்கு வேண்டும். நான் தொடங்கியதே 2019 கோடையில்.

சந்தையில் கடை போடுகிறவர்கள், என்னைப்போல ஒரு மூலையில் ஒதுங்கித் தொழில் செய்கிறவர்கள் எல்லாரும் விடுபட்டுப்போக, மே மாதம் கவுன்சில்களே ஆள் பார்த்துக் கொடுக்கத் தனியாக ஒரு நிதி அறிவித்தார்கள், இங்கிலாந்து முழுவதற்கும் 617 மில்லியன் வரை. விண்ணப்பத்தில் வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். எங்களுக்குள் அது வாய்ப்பேச்சுத்தான். பாங்க் ஸ்டேட்மென்டில் ஒவ்வொரு மாத வாடகைக்கும் மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, சொந்தக்காரரிடம் ஒரு கடிதமும் வாங்கினேன், அதில் "ரேட்ஸும் சேர்த்துத்தான் வாடகை" என்ற ஒரு வரிக்காக மூன்று தரம் போன். ஜூலையில் ஐயாயிரம் வந்தது. அதையும் வருமானமாக வரிக்கணக்கில் காட்ட வேண்டும், அது வேறு.

நாலு மாத வாடகைப் பாக்கியை அனுப்பிவிட்டு, இனி ஒப்பந்தத்தை எழுத்தில் தாங்கோ என்று சொந்தக்காரரிடம் கேட்டேன்.

"எங்களுக்குள்ள அதெல்லாம் எதுக்குப் பிள்ளை?" என்றார்.